‘ஊசி எத்தனை மணிக்குப் போட்டீங்க?’ – லேப்ராஸ்கோபி ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்களுக்கு

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா, கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் எதிரே வந்து உட்கார்ந்தார். நாற்காலியில் சாயக்கூட இல்லை, நேராகக் கேள்விதான். "வயித்தக் கிழிக்கப் போறதில்ல, மூணு ஓட்டை நாலு ஓட்டைன்றாங்க. அப்பால இன்னாத்துக்கு மேடம் வலிக்குத் தனியா ஊசி?"

கேள்வி நியாயமானதுதான். சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவியும் விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோபி என்றாலே வலிக்காது என்று யாரோ சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பெரிதாக வெட்டித் திறக்கும் ஆபரேஷனோடு ஒப்பிட்டால் வலி ரொம்பக் குறைவு, மறுநாளே நடந்துவிடலாம், அதெல்லாம் உண்மை. ஆனால் முதல் ராத்திரி ஒன்று இருக்கிறது. அந்த ராத்திரியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் மயக்க மருந்து டாக்டர். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நாலைந்து நர்சிங் ஹோம்களுக்கு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற ஜாதி. ஆபரேஷன் தியேட்டரில் எங்களைப் பார்ப்பதற்குள் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும், எழுந்திருக்கும்போது நாங்கள் அடுத்த கேஸுக்குக் கிளம்பியிருப்போம். அதனால் சொல்ல வேண்டியது பல சமயம் சொல்லாமலே போய்விடுகிறது. தேதி குறித்துவிட்டுக் காத்திருக்கும் பெண்களும், வார்டில் துணைக்கு உட்காரப் போகிற அம்மா, நாத்தனார், மகள் யாராக இருந்தாலும் அவர்களும் படியுங்கள். துணைக்கு இருப்பவர் படிப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் கடிகாரம் பார்க்கப் போவது அவர்தான்.

வலி எங்கிருந்து வருகிறது

லேப்ராஸ்கோபிக்குப் பிறகு வருவது ஒரே வலி கிடையாது. மூன்று வலி, மூன்று வழியில் வருகிறது. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் ஊசி எதற்கு, மாத்திரை எதற்கு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலாவது வயிற்றுச் சுவர் வலி. தொப்புளில் சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துளை, கீழே பக்கவாட்டில் அரை சென்டிமீட்டரில் இரண்டு மூன்று. துளை சின்னதுதான், ஆனால் தோல், கொழுப்பு, தசை, உள்சவ்வு என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் கருவி உள்ளே போகிறது. இருமினால், தும்மினால், படுக்கையிலிருந்து எழுந்தால் சுருக்கென்று பிடிப்பது இதுதான். இந்த உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்து கிளம்பி, விலாப்பக்கமாகச் சுற்றி வயிற்றின் முன்பக்கம் வருகின்றன. நம்ம ஏரியா மாதிரியே ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு பேட்டை உண்டு. தொப்புளைச் சுற்றி இருப்பது பத்தாவது நெஞ்சு நரம்பின் பேட்டை. அடிவயிற்றின் கீழ்க்கோடு பன்னிரண்டாவது நெஞ்சு நரம்பும் முதல் இடுப்பு நரம்பும் சேர்ந்து பார்த்துக்கொள்கிற இடம்.

இரண்டாவது உள் வலி. கர்ப்பப்பையையோ கட்டியையோ நீர்க்கட்டியையோ எடுத்த இடம் இது. மாதவிடாய் நாளின் வலி போல இழுத்துப் பிடிக்கும், இங்கேதான் வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இது போகும் பாதை வேறு. கர்ப்பப்பையின் மேல்பகுதி வலி, இடுப்பெலும்புக் கூட்டின் மேல்விளிம்பில் இருக்கும் நரம்புப் பின்னல் வழியாகப் போகிறது, கர்ப்பப்பை வாயின் வலி முதுகின் அடிப்பகுதி நரம்புகள் வழியாகப் போகிறது. வயிற்றுச் சுவரை மரக்கவைக்கும் ஊசி இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்றாவது தோள் வலி. வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? அதைப் பிறகு சொல்கிறேன், அது தனிக்கதை.

மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட்டதால் கரகரப்பும் ஒரு நாள் இருக்கும். அது வெதுவெதுப்பான தண்ணீருக்கே அடங்கிவிடும், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அந்த ஊசி என்ன செய்கிறது

உங்களில் பாதிப் பேருக்குச் சிசேரியன் ஆகியிருக்கும், முதுகில் போட்ட ஊசி ஞாபகம் இருக்கும். இது அது இல்லை. நரம்பு பிளாக், அதாவது நரம்பை மரக்கவைக்கும் ஊசி, என்று சொன்னதுமே "வேணாம் மேடம், ஏற்கெனவே முதுகு வலி" என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இதில் பெரும்பாலும் போடப்படும் வகை முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை.

கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் தோலுக்குக் கீழே மூன்று தசைகள் பரோட்டா அடுக்கு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவது அடுக்குக்கும் நடுவில்தான் நான் சொன்ன நரம்புகள் ஓடுகின்றன. அந்த இடுக்கில் மரத்துப்போகும் மருந்தை, ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மில்லி, இரண்டு பக்கமும் விடுகிறோம். மருந்து இடுக்கில் பரவி, அங்கே ஓடும் நரம்புகளை அதுவே நனைத்துவிடும். எங்கள் பாஷையில் இதற்கு டேப் பிளாக் என்று பெயர், கேட்கும்போது அதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 2001இல் ரஃபி என்ற மயக்க மருந்து நிபுணர் இதை முதலில் எழுதியபோது ஸ்கேன் எல்லாம் கிடையாது, இடுப்புக்கு மேலே விரலால் இடம் பார்த்து, ஊசி அடுக்கைத் தாண்டும்போது கையில் உணரும் ‘டொப்’பை வைத்துத்தான் போட்டார்கள். இப்போது ஸ்கேன் மெஷினில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே போடுகிறோம். சரியான இடத்தில் விட்டால் இரண்டு அடுக்கும் பிரிந்து நடுவில் கண் திறக்கிற மாதிரி கறுப்பாக விரியும். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது பார்க்க அலுக்கவில்லை.

பெரும்பாலும் நீங்கள் தூங்கிய பிறகுதான் போடுவோம், ஆகவே குத்துகிற வலி தெரியாது. ஆபரேஷன் தொடங்கும் முன்பே போடுகிறவர்களும் உண்டு, முடித்துத் தையல் போட்ட பிறகு போடுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரிதான்.

இதிலேயே பல வகை இருக்கிறது. இன்னும் பின்னால் போய் இடுப்புத் தசையை ஒட்டிப் போடுவது ஒன்று, முதுகெலும்பின் பக்கக் கொம்பின் மேல் இருக்கும் தசைக்கு அடியில் போடுவது இன்னொன்று. பின்னது 2016இல்தான் வந்தது. உள் வலிக்கென்று கர்ப்பப்பை வாயின் இரு பக்கமும் கீழ்வழியாகவே போடுகிற ஊசி ஒன்று உண்டு, கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சின்னச் சிகிச்சைகளுக்கு அது ரொம்ப உபயோகம். லேப்ராஸ்கோபி நடக்கும்போதே சர்ஜன் உள்ளே கேமராவில் பார்த்து, மேலே சொன்ன நரம்புப் பின்னலின் மேல் மருந்து விடுவதும் உண்டு. எது உங்களுக்கு என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. உங்களுக்குப் போட்டது சுவரை மரக்கவைப்பதா, உள்ளே மரக்கவைப்பதா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ராத்திரி எந்த வலி வரும் என்பதற்கு அதுதான் பதில்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றை வெட்டித் திறக்கும் கர்ப்பப்பை ஆபரேஷனில் டேப் பிளாக் நன்றாகக் கைகொடுக்கிறது. லேப்ராஸ்கோபியில் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. துளை போட்ட இடத்திலேயே சர்ஜன் நேரடியாக மருந்து ஏற்றுவதைவிட இது பெரிதாக ஜெயித்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே "எங்க ஆஸ்பத்திரில பிளாக் கிடையாது, ஓட்டை போட்ட இடத்துல ஊசி போட்டுடுவோம்" என்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் இல்லாமல் டிராமடால் என்ற அபின் வகை வலி மருந்தை மட்டும் ரத்தக்குழாயில் ஏற்றிக்கொண்டே இருப்பதுதான் எனக்குப் பிடிக்காத வழி. அந்த மருந்து குமட்டலைக் கூட்டும். பெண், சிகரெட் பழக்கம் இல்லாதவர், பஸ்ஸில் போனால் வாந்தி வருகிறவர், ஆபரேஷனுக்குப் பிறகு அபின் வகை வலி மருந்து வாங்குகிறவர், இந்த நாலும்தான் வாந்தி வருமா என்று நாங்கள் போடும் கணக்கு. நம் பெண்களில் முக்கால்வாசிப் பேர் உள்ளே வரும்போதே இரண்டு மூன்றோடுதான் வருகிறார்கள். தைத்த வயிற்றோடு வாந்தி எடுப்பது எப்படி இருக்கும் என்று சிசேரியன் ஆனவர்களைக் கேளுங்கள்.

சின்ன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினை என் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடலாமே என்று ஒரு பேஷண்டின் வீட்டுக்காரர் கேட்டார். முடியாது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தின்படி ஸ்கேன் மெஷின் ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் பதிவாகியிருக்க வேண்டும், கையில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய முடியாது. நல்ல காரணத்துக்காக வந்த சட்டம், என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம், அவ்வளவுதான். மெஷின் இல்லாத இடத்தில் சர்ஜனின் கேமராவையே பயன்படுத்திக்கொள்வோம். வெளியிலிருந்து நான் மருந்து விட, உள்ளே வயிற்றுச் சுவர் மெல்லப் புடைப்பது திரையில் தெரியும்.

முந்தின நாள் பரிசோதனையில் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும்

எடையைச் சரியாகச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு கிலோ குறைத்துச் சொல்வதில் எல்லாருக்கும் ஒரு ஆசை, கல்யாணப் பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மரத்துப்போகும் மருந்தின் உச்ச அளவு எடையை வைத்துத்தான். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் பியூபிவக்கைன் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் பத்திரம். 50 கிலோ பெண்ணுக்கு 100 மில்லிகிராம், அதாவது 0.5 சதவீத மருந்து 20 மில்லி பாட்டில் ஒன்று, சரியாக முழுசும். அதோடு அதே அளவு சலைன் கலந்தால் 40 மில்லி, இரண்டு பக்கத்துக்கும் போதும். ஆனால் ரத்தம் போய்ப் போய் இளைத்து 40 கிலோவில் வருகிறவருக்கு 80 மில்லிகிராம்தான், பாட்டிலில் 4 மில்லி மிச்சம் வைக்க வேண்டும். அதற்கு மேல் சர்ஜனும் துளை போட்ட இடத்தில் தன் பங்குக்கு ஊசி போட்டால் அதுவும் இதே கணக்கில் கழியும். அதனால் தியேட்டரில் நான் சர்ஜனிடம் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எத்தனை மில்லி போடப் போறீங்க?"

அளவு மீறினாலோ, மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனாலோ காதில் இரைச்சல், வாயில் இரும்புச் சுவை, உதட்டைச் சுற்றி மரப்பு, தலைசுற்றல் என்று தொடங்கி வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். அரிது, ஆனால் உண்டு. அதற்கு மாற்று மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் 20 சதவீதக் கொழுப்புத் திரவம், மருந்தை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ள உதவும். அது தியேட்டர் அலமாரியில் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் ஊசியைக் கையில் எடுப்பதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது: கண் விழித்த பிறகு காதில் ‘கொய்ங்’ என்றோ நாக்கு தடித்த மாதிரியோ இருந்தால், மயக்கம் தெளியாத குழப்பம் என்று சும்மா இருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்வது.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கல்லீரல் கோளாறு, இதயக் கோளாறு, அல்சர், கிட்னி பிரச்சினை, பல் பிடுங்கும்போது போட்ட ஊசியில் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனது, எதையும் விடாதீர்கள். "சுகர் மாத்திரை மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து மாத்திரைகளாக எடுத்து மேஜையில் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். மொத்தப் பையையும் கொண்டு வாருங்கள், நானே பிரித்துப் பார்த்துக்கொள்கிறேன். சுகர் இருந்தால் இன்னொரு விஷயம்: பிளாக் கொஞ்சம் நீடிக்கவும் வாந்தி வராமல் இருக்கவும் டெக்ஸாமெதசோன் கொடுப்பதுண்டு, அது ஓரிரு நாள் சுகரை ஏற்றிவிடலாம். மறுநாள் 250 என்று காட்டினால் வீட்டில் யாரோ லட்டு ஊட்டிவிட்டார்கள் என்று சண்டை வேண்டாம்.

வெறும் வயிறு விஷயம்: சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை பரவாயில்லை. பால் ஊற்றிய டீ தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்கு. காலையில் டீ குடித்ததை மறைத்துவிட்டு மேஜையில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். தள்ளிப்போடுவதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கேட்க வேண்டியவை நாலே நாலு. எனக்கு மரத்துப்போகும் ஊசி போடுவீர்களா, துளை போட்ட இடத்தில் மருந்தா? அது எத்தனை மணி நேரம் நிற்கும்? மரப்பு விட்ட பிறகு என்ன மருந்து, யார் கொடுப்பார்கள்? கடைசியாக, ஆபரேஷன் முடிந்ததும் துணைக்கு இருப்பவர் கேட்க வேண்டியது: ஊசி எத்தனை மணிக்குப் போட்டீங்க?

அந்த நாலாவது கேள்வி ஏன்

என் தப்பைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு நர்சிங் ஹோமில் மதியம் ஒரு மணிக்கு ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தோம். பிளாக் அருமையாக உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டு இட்லி சாப்பிடுகிறார், வலி ஒன்றுமே இல்லை என்கிறார். எனக்கு ஒரே பெருமை. நர்ஸ் வந்து ஏழு மணி பாரசிட்டமாலைக் கொடுக்கட்டுமா என்று கேட்டபோது, வலியே இல்லையே, இருந்தால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். கேஸ் ஷீட்டில் பிளாக் போட்டேன் என்று எழுதினேன், நேரம் எழுதவில்லை. ராத்திரி டியூட்டிக்கு வந்த பெண்ணுக்கு அது எப்போது விடும் என்று தெரியாது. ஒன்றரை மணிக்கு அந்த அம்மா அலறி எழுந்திருக்கிறார். மரத்திருந்த வயிறு ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? மருந்து எடுத்து, ஏற்றி, அது வேலை செய்ய இன்னும் முக்கால் மணி நேரம். மறுநாள் காலையில் அவர் என்னிடம் கோபப்படவில்லை, "நேத்து நல்லா இருந்துச்சேம்மா, அப்புறம் ஏன் ஏமாத்திடுச்சு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சாதாரண பியூபிவக்கைனோ ரோப்பிவக்கைனோ 6 முதல் 12 மணி நேரம் வரை நிற்கும், சிலருக்குக் கொஞ்சம் கூட. மதியம் போட்டால் அது விடுவது சரியாக நடுராத்திரி, நர்ஸும் துணைக்கு இருப்பவரும் கண் அயர்கிற நேரம். அதனால் விதி ஒன்றுதான். வலி இருக்கிறதோ இல்லையோ, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மணி பார்த்துக் கொடுத்துவிடுங்கள். ஊசியின் மரப்பு விடும்போது மாத்திரை ஏற்கெனவே ரத்தத்தில் இருக்க வேண்டும். பிளாக் எட்டாத உள் வலியையும் அந்த மாத்திரைதான் பார்த்துக்கொள்கிறது.

மாத்திரை என்றால் அடிப்படை பாரசிட்டமால், அதோடு கிட்னியும் வயிறும் சரியாக இருந்தால் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒன்று. பாரசிட்டமாலை ‘காய்ச்சல் மாத்திரைதானே’ என்று அலட்சியம் செய்யாதீர்கள், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை விடாமல் கொடுத்தால் அது செய்யும் வேலை பெரிது. ஆனால் அதற்கும் கூரை உண்டு: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், 50 கிலோவுக்குக் கீழே இருந்தால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான். இங்கேதான் நம் வீடுகளில் தப்பு நடக்கிறது. டோலோ 650 என்பது பாரசிட்டமால்தான். அசிக்ளோஃபெனாக்கோடு சேர்ந்து வரும் வலி மாத்திரைகள் பலவற்றிலும் 325 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கிறது. டிராமடாலோடு சேர்ந்து வருவதிலும் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒன்று, முனைக் கடை மெடிக்கலில் அண்ணன் கேட்டு வாங்கியது ஒன்று, வீட்டில் இருந்தது ஒன்று என்று மூன்றையும் போட்டால் கல்லீரல்தான் அடி வாங்கும். அட்டையின் பின்பக்கம் படியுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது படிக்கும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

மரத்துப்போன வயிறு, மரத்துப்போன தொடை

மரத்திருக்கும்போது வயிற்றில் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். மாமியார் அன்போடு ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் வந்தால் அது தையலைவிட மோசமாக வலிக்கும்.

அடுத்தது கால். இந்த மருந்து சில சமயம் கீழே வழிந்து தொடை நரம்பையும் நனைத்துவிடும். முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுவார்கள். தற்காலிகம்தான், மரப்பு விட்டதும் சரியாகிவிடும், ஆனால் அதற்குள் பாத்ரூமில் விழுந்தால்? முதல் தடவை எழும்போது கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிஷம் உட்கார வையுங்கள், காலை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள், நீட்ட முடிந்தால் எழுப்புங்கள், ஒருவர் கூடவே நடங்கள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிற ஆபரேஷன் என்றால் இது இன்னும் முக்கியம். நம் பக்கம் மூணாவது மாடி ஹவுசிங் போர்டு வீட்டுக்கு லிப்ட் எங்கே இருக்கிறது? கால் பழையபடி நிற்கிறதா என்று வார்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஷேர் ஆட்டோ வேண்டாம், காசு போனாலும் தனி ஆட்டோ பிடித்து, வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு உட்காருங்கள். மணலி ரோட்டுப் பள்ளங்களுக்கு என்னிடம் பிளாக் கிடையாது.

தோள் வலி என்கிற அந்தத் தனிக்கதை

லேப்ராஸ்கோபியில் வயிற்றைக் கரியமில வாயு விட்டு ஊதித்தான் உள்ளே இடம் பண்ணுகிறார்கள். மிச்ச வாயு மேலே போய், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு அடியில் தங்கி அதை உறுத்தும். அந்த உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது, தோளின் தோலுக்குப் போகும் நரம்பும் அதே கழுத்துப் பகுதியிலிருந்துதான் கிளம்புகிறது. மூளைக்கு ஆள் மாறிவிடுகிறது, தோள் வலிக்கிறது என்று முடிவு கட்டிவிடும். அதனால் வயிற்றில் எவ்வளவு நல்ல பிளாக் போட்டாலும் இந்த வலி வரும். ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்ததும் ‘வாயுப் பிடிப்பு’ என்றுதான் சொல்வார்கள். பாதி சரி! வாயுதான், ஆனால் குடலில் இல்லை, ஆகவே ஓமத்தண்ணியோ சோடாவோ அதைக் கரைக்காது. ரத்தம் அதை மெல்ல உறிஞ்சி, மூச்சு வழியாக வெளியே அனுப்பிவிடும், ஓரிரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள். தட்டையாகப் படுத்தால் பலருக்குக் குறையும். எழுந்து மெல்ல நடப்பதும் நல்லது. தோளில் வெந்நீர் ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம், அங்கே மரப்பு இல்லையே. ஆபரேஷன் முடிவில் உள்ளே இருக்கும் வாயுவை நன்றாக அழுத்தி வெளியேற்றிவிட்டால் இந்த வலி பாதியாகக் குறைகிற மாதிரிதான் என் அனுபவம், அவசரப்படுகிற சர்ஜனிடம் நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் தோள் வலியோடு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சை அடைத்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வாயு என்று உட்காராதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வயிற்று வலியும் அப்படித்தான். நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாள் இரண்டாம் நாளைவிட அதிகமாக வலித்தால், வயிறு உப்பி இறுகினால், காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் வராமல் போவது, துணி மாற்ற மாற்ற ரத்தப்போக்கு, இதில் எது வந்தாலும் மாத்திரையைக் கூட்டி வலியை மூடாமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். குடலிலோ சிறுநீர்க்குழாயிலோ பட்ட காயம் சில சமயம் வீட்டுக்குப் போன பிறகுதான் முகம் காட்டும்.

பணம் பற்றியும் கேட்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷன் போடும்போதே காட்டிவிடுங்கள், ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, உங்கள் ஆபரேஷன் அதில் வருகிறதா என்று முந்தின வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். வலி ஊசிக்குத் தனி பில் போடுகிறார்களா என்றும் கேட்கலாம், தப்பே இல்லை.

காசிமேட்டு அக்காவுக்கு வருவோம். அவருக்குக் காலை பதினொன்றரைக்குப் பிளாக் போட்டேன். வெளியே வந்தால் அவர் மகள் வாசலிலேயே நிற்கிறாள், கேள்வியைத் தயாராக வைத்திருந்தாள். சொன்னதும் பேனாவை எடுத்து உள்ளங்கையில் ‘11.30’ என்று எழுதி, அதற்குக் கீழே மாத்திரை நேரத்தையும் எழுதிக்கொண்டாள். மறுநாள் ரவுண்ட்ஸில் அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார், தோள் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது என்றார். அப்புறம், மீன் கூடையை எப்போது தூக்கலாம் என்று கேட்டார். ஆறு வாரத்துக்குத் தண்ணிக் குடமே கூடாது என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார் என்றேன். "ஆறு வாரமா? அந்த வலிக்கு ஊசி இல்லியா மேடம்?" என்றார்.